தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும் பேட்டரி

போன மாதம் என் ஸ்மார்ட் வாட்ச்சின் திரை மேலே எழும்பி நின்றது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. கடையில் காட்டினேன். பழுது பார்க்க முடியாது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். ஒரு சின்ன பேட்டரிக்காக முழு வாட்ச்சையும் தூக்கிப் போடுவதா? அந்தக் கோபத்தில்தான் பேட்டரியின் வரலாற்றைத் தேடினேன்.

1800-இல் இத்தாலியரான அலெஸாண்ட்ரோ வோல்டா, தன் கண்டுபிடிப்பை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். வெள்ளி, துத்தநாக வில்லைகளை அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார். மின்சாரம் வந்தது. ஆனால் அட்டை காய்ந்தால் மின்சாரம் நின்றுவிடும். அடுக்கை உயர்த்தினால், அதன் எடையே நீரைப் பிழிந்துவிடும்.

1880-களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அந்தத் திரவத்தைப் பசை போலாக்கி, துத்தநாக டப்பாவுக்குள் அடைத்தார். கையில் தூக்கிப்போகும் டார்ச் லைட் அதனால்தான் சாத்தியமானது. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயன் பேட்டரியை விற்கத் தொடங்கியது. அதற்கும் இறுக்கமான உறைதான் காவல். ஆனால் நம் மணிக்கட்டு வளையும், சட்டை மடியும். அங்கே இரும்பு டப்பா சரிவராது.

2012-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவோவின் குழு, வெட்டினாலும் மறுபடி சேர்ந்துகொள்ளும் செயற்கைத் தோலை உருவாக்கியது. அடுத்த வருடமே அந்த யோசனை பேட்டரிக்குள் போனது.

அங்கே என்ன சிக்கல்? பேட்டரியில் வழக்கமாக இருக்கும் கிராஃபைட்டை விட, சிலிக்கன் எடைக்கு எடை சுமார் 10 மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது அது பல மடங்கு உப்பும், இறங்கும்போது சுருங்கும். கொஞ்ச நாளில் விரிசல் விட்டுச் செயலிழந்துவிடும்.

பாவோவும் யீ சுய்யும் சிலிக்கன் துகள்கள் மேல் ஒரு பாலிமரைப் பூசினார்கள். வெல்க்ரோ பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கொக்கியும் பலவீனமானது, பிரித்தாலும் திரும்ப ஒட்டும். அந்தப் பாலிமரின் ஹைட்ரஜன் பிணைப்புகளும் அப்படித்தான். விரிசல்கள் சில மணி நேரத்தில் தானாக மூடின. மின்சாரம் பாய, அதில் நுண்ணிய கார்பன் துகள்களையும் கலந்தார்கள்.

அந்தப் பேட்டரி சுமார் 100 தடவை சார்ஜ் தாங்கியது. போனுக்கு 500 வேண்டும், மின்சாரக் காருக்கு 3,000. தூரம் இருக்கிறது. ஆனாலும் உடையாமல் காப்பது எப்படி என்றே கேட்டு வந்தவர்கள், உடைந்த பிறகு சேர்வது எப்படி என்று கேட்கத் தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது.

என் வாட்ச்சை மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிட்டேன். உங்களிடமும் உப்பிய பேட்டரி இருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், மறுபடி சார்ஜும் போடாதீர்கள். தீப்பிடிக்கும்.