பழைய கதையும் புதிய திரையும்

ஹாலிவுட்டில் எடுக்கப்பெறும் பெரும்படங்களைக் கண்டோர், "அரைத்த மாவையே அரைக்கின்றார்களே!" என்று குறைகூறுவதுண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் மிகுதியாக வசூலைப் பெற்ற ஹாலிவுட் படங்களுள் முதல் பத்தை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ஒவ்வொன்றும் முன்னைய படத்தின் தொடர்ச்சியாகவோ, பழைய படத்தின் மறுபதிப்பாகவோ, சித்திரக்கதைகளில் பெயர்பெற்ற ஒரு பாத்திரத்தின் கதையாகவோ இருக்கக் காண்கிறோம். இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது? இது அண்மையில் முளைத்த நோய்தானா? 'பென்ஹர்' என்னும் ஒரு கதையின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

அமெரிக்கப் படைத்தலைவராக விளங்கிய லூ வாலஸ் என்பவர் 1880ஆம் ஆண்டில் இந்நாவலை வெளியிட்டார். 1899இல் அது நாடகமாக மேடையேறியது. மக்களிடையே அதற்கிருந்த பெருமதிப்பைக் கண்ட காலெம் என்னும் படக்கம்பெனி, 1907இல் அக்கதையை ஏறத்தாழக் கால்மணி நேரம் ஓடும் ஊமைப்படமாக எடுத்தது. நூலுக்கு உரிமை உடையோரிடம் அக்கம்பெனி இசைவு பெறவில்லை. வழக்கு எழுந்தது. உரிமையாளரின் இசைவின்றி நாவலைப் படமாக்குதல் தவறு என்று 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பினை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். எழுத்தாளனின் உழைப்பைக் களவினின்றும் காத்தது அது. அதே வேளையில், பெயர்பெற்ற கதை என்பது நிலத்தைப் போலவும் வீட்டைப் போலவும் விலைகொடுத்து வாங்கத்தக்க சொத்து என்பதையும் படத்தொழிலுக்கு அது உணர்த்திவிட்டது.

பின்னர், மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் 1925இல் ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் செலவிட்டுப் 'பென்ஹர்' கதையை மீண்டும் படமாக்கியது. கால் நூற்றாண்டு கழிந்தபின் ஹாலிவுட்டுக்குச் சோதனைக்காலம் வந்தது. படமெடுக்கும் பெருநிறுவனங்கள் தம் திரையரங்குகளைக் கைவிடுவதற்கு 1948ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழிவகுத்தது. வீடுதோறும் தொலைக்காட்சி புகுந்தது. அரங்குகளில் கூட்டம் குறைந்தது. நிலைதளர்ந்த அந்நிறுவனம் தன் பழைய செல்வத்தையே மீண்டும் நாடியது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் செலவில், 1959இல் புதிய 'பென்ஹர்' வெளிவந்தது. அது 11 ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றதோடு, நிறுவனத்தின் இடரையும் தீர்த்தது. அதனை இயக்கிய வில்லியம் வைலர், 1925ஆம் ஆண்டுப் படத்தின் தேரோட்டக் காட்சியில் உதவியாளராகப் பணிபுரிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அச்சத்தினால் தொடங்கிய முயற்சியும் உழைப்பினால் சிறப்படையக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும். ஆனால் வெற்றிக்குக் காரணம் உழைப்பா, பெயரா? 2016இல் அக்கதை மீண்டும் படமாயிற்று. ஏறத்தாழப் பத்துக் கோடி டாலர் செலவான அப்படத்தின் உலக வசூல் அத்தொகையைக்கூட எட்டவில்லை. பெயர் மாறவில்லை, கதையும் மாறவில்லை. பெயரொன்றே கைகொடுக்கும் என்று நம்பியிருத்தல் வீண் என்பது இதனால் விளங்குகின்றது அன்றோ?

இனி, இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றையும் காண்போம். ஜார்ஜ் லூகாஸ் என்ற இளைஞர், தாம் சிறுவயதில் கண்டு களித்த 'ஃப்ளாஷ் கார்டன்' என்னும் விண்வெளிக் கதையைப் படமாக்க விரும்பினார். அதன் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, சொந்தமாக ஒரு கதையைப் படைத்துக்கொள்ள வேண்டியவரானார். அதுவே 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' என வெளிவந்து உலகை வியப்பில் ஆழ்த்தியது. பழைய கதவு அடைபட்டமையால் புதிய வாயில் திறந்தது! ஆனால் அப்புதுமையும் நாளடைவில் பழஞ்சொத்தாயிற்று. 2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸின் நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கித் தொடர்படங்களை வெளியிடலாயிற்று.

படத்தின் செலவு பெருகப் பெருக, முதலிடுவோரின் அச்சமும் பெருகுகின்றது. அச்சம் பெருகும்போது அறிந்த பெயரையே அவர்கள் பற்றிக்கொள்கின்றனர். இது வாணிக இயல்பு. பழங்கதையை எடுத்தாளுதல் கலைக்கு இழுக்கும் அன்று. ஷேக்ஸ்பியரும் தமக்கு முன் வழங்கிய கதைகளைக் கொண்டே தம் நாடகங்களுள் பலவற்றை இயற்றினார். எடுத்த கதைக்குத் தம் உள்ளத்தினின்றும் புத்துயிர் ஊட்டினார் என்பதே அவர் பெருமை.

ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. இன்று பழையனவாகத் தோன்றும் கதைகள் யாவும் ஒரு காலத்தில் புதியனவாகவே பிறந்தன. 1880இல் 'பென்ஹர்' ஒரு புதிய நாவல். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' எவரும் அறியாத பெயர். அவற்றுக்கு அன்று இடமளித்தோர் இருந்தமையாற்றான் பின்வந்தோர்க்கு அவை செல்வமாயின. விதைநெல்லையும் குற்றி உண்டுவிட்டால், அடுத்த பருவத்துக்கு நாற்று ஏது? படம் எடுப்போர் மட்டுமன்றிப் பார்ப்போரும் சிந்திக்க வேண்டிய வினா இது. பெயரறியாப் புதிய படைப்பு ஒன்று வரும்பொழுது அதனைக் காணச் செல்லும் ஒவ்வொருவரும், நாளைய பழங்கதைக்கு இன்று வித்திடுகின்றார்.