சேப்பல் ஹில்லின் 19-ஆம் எண்

அமெரிக்காவில் பெண்கள் கால்பந்துக்குக் கல்லூரிதான் நாற்றங்கால். பிற நாடுகளில் ஆண்கள் கிளப்புகளின் வழியாக மேலே வந்த காலத்தில், அமெரிக்கப் பெண்கள் பல்கலைக்கழக மைதானங்களின் வழியாக உலகக் கோப்பைக்குப் போனார்கள். அந்தப் பாதை உருவானது சுமார் 50 ஆண்டுகளுக்கு முன்புதான்.

அதற்கு அடித்தளம் ஒரு சட்டம். 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்றது. அதன் மைய வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அதன் பலன் கண்கூடாகத் தெரிந்தது விளையாட்டில்தான். 1971-72-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் போட்டிகளில் ஆடிய மாணவிகள் 2,94,015 பேர் மட்டுமே. சட்டம் வந்தபின் கல்லூரிகள் பெண்களுக்கான அணிகளைத் தேடித் தொடங்க வேண்டியிருந்தது. ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளில் ஆட்கள் ஏராளம். அதை ஈடுகட்டப் பெண்கள் பக்கத்திலும் ஆட்கள் நிறைய வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். 20 பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் கால்பந்து இந்தக் கணக்குக்குப் பொருந்தியது.

வட கரோலினா பல்கலைக்கழகம் சேப்பல் ஹில் ஊரில் இருக்கிறது. அங்கே பெண்கள் அணி 1979-இல் தொடங்கியது. பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் 1951-இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவயதைப் பல நாடுகளில் கழித்தவர். கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசியப் போட்டியை 1981-இல் அவரது அணி வென்றது. மறு ஆண்டு, கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்சிஏஏ தன் முதல் பெண்கள் கால்பந்துப் போட்டியை நடத்தியபோது அதையும் வென்றது. 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் கோப்பை வேறெங்கும் போகவில்லை.

இதற்கு டோரன்ஸின் பயிற்சி முறையை முதல் காரணமாகச் சொல்ல வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் பார்த்துக் கற்றதை அவர் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு: ஓட்டம், கோலை நோக்கி அடித்தல், ஒருவருக்கு ஒருவர் மோதிப் பந்தைப் பறித்தல். யார் வென்றார், யார் தோற்றார் என்று குறித்து வைப்பார்கள். தரவரிசை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். தோழியிடம் தோற்றால் அது தாளில் வந்துவிடும். மைதானத்தில் மூன்று பேரை முன்களத்தில் நிறுத்தி, எதிரணி பந்தைத் தொட்டவுடன் நெருக்குவது அவரது பாணி. தடுப்பாளரை நேருக்கு நேர் சந்தித்துத் தாண்டிப் போகும் முன்கள வீராங்கனை இல்லாமல் அந்தப் பாணி நடக்காது.

அப்படி ஒருவராக வந்தவர் மியா ஹாம். 1972 மார்ச் 17 அன்று, அதாவது சட்டம் கையெழுத்தாவதற்கு மூன்று மாதம் முன்பு, அலபாமாவின் செல்மாவில் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்ததால் குழந்தைப் பருவத்தில் அதைச் சரிசெய்யும் காலணி அணிய வேண்டியிருந்தது. தந்தை விமானப்படை விமானி. குடும்பம் ஊர் ஊராக மாறியது. அவருக்கு 14 வயதிருக்கும்போது, டெக்சாஸிலிருந்து வந்த பரிந்துரையைக் கேட்டு டோரன்ஸ் ஓர் ஆட்டம் பார்க்கப் போனார். யார் அந்தப் பெண் என்று முன்கூட்டியே காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது, ஒரு சிறுமி சட்டென்று வேகமெடுத்த விதத்தைப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. தேசிய அணியின் பயிற்சியாளரும் அப்போது அவரே. 1987 ஆகஸ்டில், 15 வயதில், சீனாவின் தியான்ஜினில் மியா அமெரிக்காவுக்காக முதன்முதலாக ஆடினார்.

1989-இல் சேப்பல் ஹில்லில் சேர்ந்தார். 1991-இல் முதல் பெண்கள் உலகக் கோப்பைக்காகக் கல்லூரி ஆட்டங்களை விட்டுவிட்டுச் சீனா போனார். இறுதியில் நார்வேயை 2-1 என்று வென்ற அணியில் அவர்தான் மிக இளையவர். ஆடிய மற்ற நான்கு பருவங்களிலும் கல்லூரிக்குக் கோப்பை கிடைத்தது. அவர் களமிறங்கிய 95 ஆட்டங்களில் அணி தோற்றது ஒன்றில்தான். மொத்தம் 103 கோல். தோழிகளின் கோலுக்கு வழி அமைத்துக் கொடுத்தவை 72. இந்த 72-ஐ 103-க்குச் சமமாகவே மதிக்க வேண்டும். 1992-இல் அவர் அடித்தது 32, அடிக்க வைத்தது 33. அவ்வளவு கோல் அடிக்கும் ஒருவர் அதைவிட அதிகமாகப் பந்தை விட்டுக்கொடுப்பது அரிதிலும் அரிது. அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் டியூக் பல்கலைக்கழகம் 9-1 என்று வீழ்ந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலக் காலையில் டோரன்ஸ் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆளில்லாத மைதானத்தில் யாரோ தனியாக ஓடிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் விரைந்து ஓடுவது, குனிந்து மூச்சு வாங்குவது, மீண்டும் ஓடுவது. அது மியா. வேர்வையில் நனைந்து, பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் களைத்து நிற்பதுதான் சாம்பியனின் தோற்றம் என்று டோரன்ஸ் ஒரு குறிப்பு எழுதி அவருக்கு அனுப்பினார். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் இன்றும் அந்தக் குறிப்பைத் தங்கள் வீராங்கனைகளுக்குச் சொல்கிறார்கள்.

1992, 1993 இரண்டிலும் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான ஹெர்மன் கோப்பை அவருக்கே. 1994-இல் பல்கலைக்கழகம் அவரது 19-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. ஆனால் படிப்பு முடித்த அந்தப் பெண்ணுக்கு நாட்டில் ஆடுவதற்கு ஒரு தொழில்முறை லீக் இல்லை. தேசிய அணி ஒன்றே போக்கிடம். 1996 ஒலிம்பிக் இறுதிப் போட்டியை ஜார்ஜியாவின் ஏதென்ஸில் 76,000-க்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். 1999 உலகக் கோப்பை இறுதிக்கு ரோஸ் பௌல் மைதானத்தில் 90,185 பேர் வந்தார்கள். இரண்டிலும் அமெரிக்கா வென்றது. அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகே 2001-இல் லீக் பிறந்தது. 2003-இல் பணமில்லாமல் மூடப்பட்டது. மியா 2004-இல் 158 சர்வதேச கோல்களோடு விடைபெற்றார்.

அதே கல்லூரிப் பாதையில் மற்றவர்களும் வந்தார்கள். கனடாவின் கிறிஸ்டீன் சின்கிளேர் 2005-இல் போர்ட்லாந்து பல்கலைக்கழகத்துக்காக ஒரே பருவத்தில் 39 கோல் அடித்தார். பின்னாளில் சர்வதேச ஆட்டங்களில் 190 கோல் என்ற உலகச் சாதனை அவருடையதானது. சோஃபியா ஸ்மித் 2019-இல் ஸ்டான்ஃபோர்டுக்குக் கோப்பை வாங்கித் தந்து, இரண்டே பருவங்களில் கல்லூரியை விட்டு 2020-இல் தொழில்முறை அணிக்குப் போனார். நாற்றங்காலில் தங்கும் காலம் சுருங்கத் தொடங்கியது. 11 வயதிலேயே சேப்பல் ஹில்லில் சேர ஒப்புக்கொண்டிருந்த ஒலிவியா மோல்ட்ரி, 13 வயதில் அதைக் கைவிட்டுத் தொழில்முறை ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். பழைய லீக் மூடப்பட்டபின் உருவான புதிய லீக்கில் 18 வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை என்றிருந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போய், 2021-இல் 15 வயதில் போர்ட்லாந்து அணியில் ஒப்பந்தமானார். 2024-இல் கல்லூரி வீராங்கனைகளை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையையே லீக் கைவிட்டது. அதே ஆண்டு டோரன்ஸும் ஓய்வு பெற்றார். சில மாதங்களில் அவர் இல்லாத சேப்பல் ஹில் தன் 22-ஆவது என்சிஏஏ கோப்பையை வென்றது.