பிரிக்பீல்ட்சில் பரபக்கம்

தத்துவம் எதற்குப் படிக்க வேண்டும் என்று மலேசியத் தமிழரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும். பிள்ளைகள் வேறு சமயத்துக்குப் போய்விடாமல் காக்கும் வேலி என்பார்கள். மனத்துக்கு அமைதி தரும் என்பார்கள். சைவ சித்தாந்த வகுப்புகளைப் போற்றும் இம்மலரில் இவ்விரண்டையும் மறுத்து எழுத எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் எழுதியாக வேண்டும். வேலி போடப் படிப்பவர் அதற்கு அப்பால் யார் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. அமைதி வேண்டுவோருக்குத் திருமுறையும் கோயிலும் இருக்கின்றன. அவர்கள் அளவை நூல் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் என்ற சித்தாந்த நூல் 12 நூற்பாக்களே கொண்டது. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த அச்சிறு நூல் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்று கவனித்தால் அதன் நோக்கம் விளங்கும். ஒவ்வொரு கருத்துக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அவரே வகுத்துத் தருகிறார். நான் இதைச் சொல்கிறேன், இன்ன காரணத்தால் சொல்கிறேன், இன்ன இடத்தில் இதைக் காணலாம் என்பது அந்த முறை. நம்பு என்று மட்டும் சொல்ல நினைத்தவருக்கு ஏது எழுத வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாம் நூற்பாவை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்பதற்கு அதில் அடுக்கப்படும் காரணங்களுள் ஒன்று, நாம் உடலை ‘எனது’ என்று உடைமையாகச் சொல்கிறோம் என்பது. உடையவன் வேறு, உடைமை வேறு. கேட்டவுடன் மனம் ஒப்புக்கொள்ளும் வாதம் இது. ஆனால் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, ‘என் உயிர்’ என்றும்தானே சொல்கிறோம்? அப்படியானால் உயிரை உடையவன் யார்?” என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? இலக்கணம் படித்தவர் ஆறாம் வேற்றுமையைத் துணைக்கு அழைப்பார்: ‘என் உயிர்’ என்பது தற்கிழமை, ‘என் உடல்’ என்பது பிறிதின்கிழமை. அது விடை ஆகாது. உடல் எனக்குத் தற்கிழமையா பிறிதின்கிழமையா என்பதுதானே இங்கே வழக்கு? தீர்க்க வேண்டியதையே காரணமாகக் காட்டிவிட முடியாது. ஆகவே மற்றக் காரணங்களுக்குப் போக வேண்டும். ஐம்புலனும் தனித்தனியே அறிவதை ஒருங்கே அறிபவன் யார், கனவைக் கண்டு விழித்தபின் சொல்பவன் யார் என்று நூற்பா மேலும் கேட்கிறது. ஒரு காரணம் தளர்ந்த இடத்தில் இன்னொன்று தாங்குமா என்று அந்த மாணவியோடு சேர்ந்து ஆசிரியரும் பார்க்கிறாரே, அந்த நேரத்தில்தான் வகுப்பில் தத்துவம் நடக்கிறது. அவள் கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கிய வகுப்பில் நூற்பா மனப்பாடமாகலாம்; மெய்கண்டார் கற்பிக்கப்படவில்லை.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இம்முறையை இன்னும் நீட்டினார். அவருடைய சிவஞான சித்தியார், அறிவதற்குரிய அளவைகள் எவை என்றும் ஆராய்கிறது. தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்பாகப் பிறர் கொள்கைகளைச் சொல்லும் பரபக்கத்தை வைத்தார். உலோகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 தரப்புகள் அங்கே வருகின்றன. முதலில் அவர்கள் மதம். அதன் பிறகே மறுதலை. மறுக்கப் போகிறவரின் வாதத்தைத் தாமே எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஆசிரியர் ஏற்கிறார். மறுப்பில் ஏளனம் தலைகாட்டும் இடங்களும் உண்டு. அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். ஆனால் பல வகுப்புகளில் பரபக்கம் விடப்பட்டுச் சுபக்கம் மட்டுமே பாடமாகிறது. பாடவேளை போதவில்லை என்பது காரணமாகலாம். எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது.

ஏனெனில் நாம் வாழும் ஊர் அப்படிப்பட்டது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இலங்கைத் தமிழ்ச் சைவர்கள் எழுப்பிய கந்தசாமி கோயில் இருக்கிறது. 1904-இல் யாழ்ப்பாணத் தமிழர்கள் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் துன் சம்பந்தன் சாலையில் அத்வைதத்தின் பெயர் சொல்லி நிற்கிறது. அதே வட்டாரத்தில் 1894-இல் சங்கம் அமைத்த சிங்கள பௌத்தர்களின் மகா விகாரை உண்டு. தேவாலயங்கள் உண்டு, தமிழ் முஸ்லிம்களின் மதரசாவும் உண்டு. கிள்ளானுக்குப் போனால் சுந்தரராஜப் பெருமாள் கோயில். அருணந்தி ஏட்டில் எதிரெதிரே நிறுத்திய தரப்புகளில் சில இங்கே ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பரபக்கம் மறுக்கும் பௌத்தர் நால்வர்: சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர். மகா விகாரையினர் தேரவாதிகள்; இந்நால்வருள் அடங்காதவர்கள். இஸ்லாமும் கிறித்தவமும் அந்தப் பதினான்கிலேயே இல்லை. எனவே பரபக்கத்தை முழுதாகப் படித்தவரும் அடுத்த வீட்டுக்காரரின் கொள்கையைப் படித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அவரிடமே போய்க் கேட்க வேண்டும். மணிமேகலை அப்படித்தான் செய்தாள். காப்பியத்தின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதியர் ஒவ்வொருவரிடமும் நேரில் சென்று, நின் கொள்கை யாது என்று கேட்கிறாள். அவள் பௌத்தத்தை முறைப்படி ஏற்றது அதற்குப் பின்பு.

இப்படிப் பிறர் கொள்கையை அணுகி அறிவதற்கு இந்த மண்ணிலேயே சான்றாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஈப்போவில் பிறந்த சுவாமி சத்தியானந்தா பூச்சோங் சாலையில் சுத்த சமாஜத்தை நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகளைக் காக்கும் பணியையும் எல்லாச் சமயத்தாரும் உரையாடும் பணியையும் ஒன்றாகவே கருதினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1961-இல் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குரு. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியவர் என்றே அவரைப் பலர் நினைவுகூர்கிறோம். அவர் தம் பேராசிரியர் பதவியேற்பு உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்தியச் சிந்தனையும் உரோமானிய ஸ்டோயிக் மெய்யியலும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருச்சபையின் குருவானவர், தம் சமயத்துக்கு வெளியே எழுந்த இரண்டு சிந்தனை மரபுகளை எதிரெதிரே வைத்து நிதானமாகப் படித்தார். அதனால் அவருடைய நம்பிக்கை தேய்ந்துவிடவில்லை. வேலி வேண்டும் என்போர் அவரை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் பள்ளிகளில் நன்னெறிக் கல்வி உண்டு. தத்துவம் தனிப்பாடமாக இல்லை. சில ஆண்டுகளாகப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ‘ஃபல்சாஃபா டான் இசு செமாசா’ (தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும்) என்ற பாடம் கட்டாயமாகியிருக்கிறது. பல இன மாணவர்கள் ஒரே அறையில் அமர்ந்து, மனிதன் என்பவன் யார், அறிவு எப்படிப் பிறக்கிறது என்று மலாய் மொழியில் விவாதிக்கிறார்கள். அந்த அறைக்கு நம் பிள்ளை எதைக் கொண்டுபோகிறாள்? சித்தாந்தம் சொல்லும் காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளை அவள் அறிந்திருந்தால், அறிவு பற்றிய விவாதத்தில் அவளுக்குச் சொல்ல ஒன்று இருக்கும். நண்பன் கருத்தை அவனே ஒப்பும்படி எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மாறுபடவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே வகுப்பு நடத்துவோரிடம் என் வேண்டுகோள்: பாடத்திட்டத்தில் பரபக்கத்துக்கு ஒரு பருவமாவது ஒதுக்குங்கள். பௌத்தப் பகுதி வரும் வாரத்தில் மாணவர்களை மகா விகாரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அருணந்தி பௌத்தர் கொள்கையாகச் சொல்லியிருப்பதைப் பிக்கு ஒருவரிடம் படித்துக் காட்டி, இதில் எதை நீங்கள் ஏற்பீர்கள், எதை எங்கள் கொள்கையன்று என்பீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை மாணவர்கள் எழுதிக்கொண்டு வரட்டும். மறுதலையை அடுத்த வாரம் படிக்கலாம்.