ஹாமில்டன் பிறந்த ஆண்டு: 1768ஆம் ஆண்டு நீதிமன்றக் குறிப்பின் மறுவாசிப்பு

அமெரிக்கக் குடியரசின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1757 ஜனவரி 11 அன்று பிறந்தார் என்ற கணக்கில், 1957இல் அந்நாட்டு அரசு அவருக்கு இருநூற்றாண்டு விழா எடுத்தது. அவ்வாண்டு ஜனவரி 11 அன்றே மூன்று சென்ட் அஞ்சல்தலையும் வெளியானது. அதே ஆண்டில் பிராடஸ் மிட்செல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதி வந்தது. அதன் தலைப்பில் இருந்த தொடக்க ஆண்டோ 1755. அரசு ஓர் ஆண்டும் ஆய்வாளர் வேறோர் ஆண்டும் சொன்ன இந்த முரண் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2004இல் ரான் செர்னோவின் பெருநூல் வந்தபின் 1755 என்பது ஏறக்குறைய வழக்காகிவிட்டது.

செர்னோவின் வாதம் எளிமையானது. ஹாமில்டன் கரீபியன் தீவுகளில் இருந்த காலத்துச் சான்றுகள் 1755ஐ ஒட்டி நிற்கின்றன. வட அமெரிக்காவுக்கு வந்த பிந்தைய சான்றுகள் 1757ஐச் சுட்டுகின்றன. பழைய சான்றுகளுக்கே முதலிடம் என்கிறார். இதுவரை மறுப்பில்லை. அடுத்து அவர் வைக்கும் அடியில்தான் எனக்கு உடன்பாடில்லை. கல்லூரியில் சேரும் வேளையில் வயது கூடிய மாணவனாகத் தெரியாமலிருக்க ஹாமில்டன் தம் வயதில் இரண்டைக் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர் ஊகம். ‘இருக்கலாம்’ என்றுதான் அவர் எழுதுகிறார். ஆனால் படித்தவர்கள் பலர் அதை நடந்த செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஹாமில்டன் வயதை மறைத்தவர் என்ற பழி இப்படித்தான் நிலைபெற்றது.

ஊகத்துக்குப் போகுமுன் மூல ஆவணத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஹாமில்டனின் தாய் ரேச்சல் 1768 பிப்ரவரி 19 அன்று செயின்ட் குரோயித் தீவின் கிறிஸ்டியன்ஸ்டெட் நகரில் காய்ச்சலால் இறந்தார். தரங்கம்பாடியில் கொடி பறந்த அதே டென்மார்க்கின் ஆட்சி அங்கும் நடந்தது. இறந்தவர் உடைமையைக் கணக்கெடுக்கும் நீதிமன்றத்தார் அன்றிரவே வீட்டுக்கு வந்து பொருள்களுக்கு முத்திரை வைத்தார்கள். வாரிசுகள் யார் யார் என்று எழுதினார்கள். ரேச்சலின் முதல் கணவர் ஜான் லாவியனுக்குப் பிறந்த பீட்டர் ஒருவர். மண உறவுக்கு வெளியே பிறந்தவர்களாக இருவர். ஜேம்ஸ் ஹாமில்டனுக்கு வயது 15, அலெக்சாண்டருக்கு 13. டேனிய ஆய்வாளர் ராம்சிங் 1939இல் தீவின் ஆவணங்களை ஆராய்ந்து எழுதியதிலிருந்துதான் இந்தக் குறிப்பு வரலாற்றாசிரியர்களின் கவனத்துக்கு வந்தது.

இந்தக் குறிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்வதால் அந்த அறையில் யாருக்கும் ஆதாயம் இல்லை. லாவியன் 1759இல் பெற்ற மணமுறிவுத் தீர்ப்பைக் காட்டி, முழுச் சொத்தும் பீட்டருக்கே என்று நீதிமன்றம் பிறகு முடிவு செய்தது. சிறுவர்கள் இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அலெக்சாண்டருக்கு வயது 11 என்று எழுதியிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. தாயை இழந்த வீட்டில் அன்றிரவு உறவினர் சொன்னதை எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார் என்றே கொள்ளலாம்.

ஆனால் இந்த 13 எந்த ஆண்டைத் தருகிறது? இங்கேதான் செர்னோ மட்டுமல்ல, அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 13 முடிந்தது என்று கொண்டால் பிறப்பு 1754 பிப்ரவரி 20க்கும் 1755 பிப்ரவரி 19க்கும் இடையில் விழும். அந்த ஓராண்டில் 1755ஆம் ஆண்டுக்கு உரியவை 50 நாள்களே. மீதி 315 நாள்களும் 1754க்கு உரியவை. 13 நடக்கிறது என்று கொண்டாலோ எல்லை 1755 பிப்ரவரி 20க்கு நகர்ந்துவிடும். அப்போது ஜனவரி 11, 1755 அதற்கு வெளியே போய்விடும். நீதிமன்றக் குறிப்பு தன்னளவில் ‘1755 ஜனவரி’ என்று எங்கும் சொல்லவில்லை. ஜனவரி 11 என்ற நாள் ஹாமில்டன் குடும்ப மரபிலிருந்து வருவது. 1757 என்ற ஆண்டைத் தருவதும் அதே குடும்ப மரபுதான். ஆண்டு பொய், நாள் மெய் என்று ஒரே வாய்ச்சொல்லை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நீதிமன்றக் குறிப்போடு ஒட்டியதால் பிறந்தது 1755 ஜனவரி 11. இரு சான்றுகளில் எதுவும் தனித்து நின்று இந்தத் தேதியைச் சொல்லவில்லை.

பிறந்தநாளைக் குடும்பம் மறக்காது, ஆண்டுதான் தவறும் என்று பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் வலு உண்டு. ஆனால் அதை ஏற்பவர் கூடவே வேறொன்றையும் ஏற்க வேண்டும்: நாளை நேர்மையாக நினைவில் வைத்திருந்தவர் ஆண்டை மட்டும் வேண்டுமென்றே மாற்றினார் என்பதற்குத் தனிச் சான்று தேவை. நாள்காட்டி மாற்றத்தைக் காரணமாகக் காட்டவும் வழியில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளில் அந்த மாற்றம் 1752இலேயே முடிந்துவிட்டது.

1757க்கு நிற்கும் சான்றுகளையும் எண்ணிக்கையால் மதிப்பிடக் கூடாது. நியூயார்க் டிரினிட்டி தேவாலயக் கல்லறையில் 1804 ஜூலை 12 அன்று 47 வயதில் இறந்தார் என்று பொறித்திருக்கிறது. மகன் ஜான் சர்ச் ஹாமில்டன் எழுதிய வரலாறும் அதே கணக்கைத் தருகிறது. இரண்டும் ஹாமில்டன் வீட்டில் சொல்லிவந்ததன் எதிரொலிகள். கல்லில் வெட்டியதாலேயே ஒரு வயது தனிச் சான்றாகிவிடாது.

அவர் கையாலேயே எழுதிய கடிதம்தான் எடைமிக்கது. 1797 மே 2 அன்று ஸ்காட்லாந்தில் இருந்த தந்தைவழி உறவினர் வில்லியம் ஹாமில்டனுக்கு எழுதியபோது, சுமார் 16 வயதில் இந்நாட்டுக்கு வந்ததாகவும் 19 வயதுக்குள் பட்டத்துக்குத் தகுதி பெற்றதாகவும் சொல்கிறார். அவர் வந்து சேர்ந்தது 1772 இறுதியா, 1773ஆ என்பதே வழக்கில் இருக்கிறது. ஆயினும் 1776 மார்ச்சில் பீரங்கிப் படைத் தலைவரானதோடு கல்லூரி வாழ்க்கை முடிந்தது என்று கொண்டால், 19 என்பது 1757க்கே பொருந்தும். செர்னோ கூறும் நோக்கத்துக்கு இந்தக் கடிதம் உதவுமா? கல்லூரி வாசலைத் தாண்டி ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து எழுதியது அது. சேர்க்கையின்போது வயதைக் குறைத்தார் என்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. பிறப்பின் களங்கத்தை மறைக்க ஆண்டை மாற்றினார் என்பதும் பொருந்தவில்லை. 1755, 1757 இரண்டுமே 1759ஆம் ஆண்டு மணமுறிவுக்கு முந்தியவை.

செர்னோ தம் பக்கம் சேர்க்கும் மற்றொரு சான்று, 1771 ஏப்ரல் 6 அன்று ‘ராயல் டேனிஷ் அமெரிக்கன் கெஜட்’ இதழில் ஏ. ஹெச். என்ற எழுத்துகளோடு வந்த காதல் கவிதைகள். அனுப்பியவர் தம்மைச் சுமார் 17 வயது இளைஞன் என்கிறார். அவர் ஹாமில்டன்தான் என்றால் 1757 தகர்ந்துவிடும். ஆனால் 1755 ஜனவரியும் தடுமாறும், ஏனெனில் அக்கணக்கில் வயது 16 தான். 1754க்கு இது நன்றாக இசைகிறது. இருந்தும் இதை அளவாகவே பயன்படுத்த வேண்டும். பெயர் முழுமையாக இல்லை. தவிர, கல்லூரிக்காக வயதைக் குறைத்தவர் என்று ஒருவரைச் சந்தேகிக்கும் ஆய்வாளர், காதல் கவிதை அச்சேறுவதற்காக வயதைக் கூட்டியிருக்க மாட்டார் என்று எப்படி உறுதி சொல்வது? சந்தேகத்தை ஒரு திசையில் மட்டும் செலுத்துவது நியாயமல்ல.

என் கருத்தில் ஏமாற்று இல்லாமலே இந்த முரணை விளக்க இயலும். பெற்றோர் இன்றி, ஊர் மாறி, பிறப்புப் பதிவு கையில் இல்லாமல் வளர்ந்த சிறுவன் தன் ஆண்டைத் தவறாக நம்பியிருக்கக்கூடும். சர்தார் படேலின் பிறந்தநாளாக நாம் கொண்டாடும் அக்டோபர் 31, மெட்ரிகுலேஷன் தேர்வுக்காக அவரே எழுதிக் கொடுத்தது. அதற்காக அவரைப் பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை. இதை நான் நிறுவிவிட்டதாகச் சொல்லவில்லை. செர்னோவின் ஊகத்தைவிட இதற்குக் கூடுதல் சான்று தேவைப்படவில்லை என்பதே என் வாதம்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்காக இத்தனை வழக்கா என்று கேட்பவர்கள் அவர் வேலை பார்த்த கணக்கறையைப் பார்க்க வேண்டும். பீக்மன்–குரூகர் வணிக நிறுவனத்தின் எழுத்தராக அவர் 1769 நவம்பரில் நண்பர் எட்வர்ட் ஸ்டீவன்ஸுக்கு, எழுத்தர் வாழ்வை வெறுத்து, போர் ஒன்று வரட்டும் என்று எழுதினார். 1771 அக்டோபரில் முதலாளி நிக்கோலஸ் குரூகர் உடல்நலம் கருதி நியூயார்க் சென்றபோது, கடையைச் சில மாதங்கள் இவரே நடத்தினார். 1757 என்றால் 12 வயதுக் கடிதமும் 14 வயது நிர்வாகமும் அதிசயங்களாகிவிடும். 1754 அல்லது 1755 என்றால், பல நாட்டு நாணயங்களும் சரக்குக் கணக்கும் கடன்பத்திரமும் கையாண்டு, உரிய வயதில் தொழில் கற்ற இளைஞன் தெரிவான். 1789 செப்டம்பர் 11 அன்று ஹாமில்டன் நிதியமைச்சரானதும், மறு ஆண்டு ஜனவரியில் பொதுக்கடன் அறிக்கை தந்ததும் அந்தப் பயிற்சியின் தொடர்ச்சி. மேதைக் கதை அந்த உழைப்பை மறைத்துவிடுகிறது.

ஆகவே நூல்களும் பாடப்புத்தகங்களும் 1755 ஜனவரி 11 என்று உறுதியாக அச்சிடுவதை நிறுத்த வேண்டும். 1757ஐ விட்டுவிடலாம், 1754 அல்லது 1755, நாள் உறுதியில்லை என்று எழுதுவதே இன்றுள்ள சான்றுகளுக்கு நேர்மையானது.