மசக்கையும் மண்ணும்: காவிரிக்கரை நம்பிக்கைகள் சில

கருவுற்ற பெண்ணைச் சுற்றி நம் காவிரிப்படுகை ஊர்களில் உலவும் நம்பிக்கைகளை, ஏற்பவரும் மறுப்பவரும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘முன்னோர் சொன்னது’ என்று பெயரிட்டுவிடுகிறார்கள். எந்த முன்னோர், எப்போது சொன்னார் என்று கேட்கத் தொடங்கினால் மூட்டை தானே அவிழ்கிறது.

திருவாவடுதுறையிலிருந்து தொடங்குவோம். சிவயோகியார் ஒருவர் சாத்தனூர் இடையன் மூலனின் உடலில் புகுந்து திருமூலரானதும், திருமந்திரம் அருளியதும் இந்த வட்டாரத்தில்தான் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. அந்நூலின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்றொரு பகுதி உண்டு. கூடற்பொழுதில் மூச்சு வலப்புறம் ஓடினால் ஆண் மகவு, இடப்புறம் ஓடினால் பெண், இரண்டிலும் ஒத்து ஓடினால் அலி என்பது அங்குள்ள கணக்கு. உரைகாரர்கள் பலரும் இதை ஆணின் மூச்சென்றே கொள்கின்றனர்.

கணக்கு பிழை; ஐயமில்லை. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் ஆய்வாளர் மாவுவண்டுகளின் விந்தணுக்களில் இருவகை இருப்பதைக் கண்டு, பாலைத் தீர்மானிப்பது அந்த வேறுபாடே என்று காட்டினார். மனிதரிலும் எக்ஸ், ஒய் என்னும் இரண்டில் எது வந்து சேர்கிறது என்பது தந்தையின் வழியாகத்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரணத்தைத் தவறவிட்ட அந்தப் பழைய பாட்டும், பிள்ளையின் பாலை ஆணின் பக்கமே வைத்தது. அதை ஓதுவோர் வாழ்ந்த ஊர்களிலேயே, மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்தால் மருமகள் மீது பழி விழுந்தது; மகனுக்கு இரண்டாம் தாரம் தேடினார்கள். இதற்கு நூலாதாரம் எங்கேயிருந்து கிடைத்ததென்று எவரும் கேட்கவில்லை. கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் செய்யவேண்டிய நிலை வந்தது.

அதே பகுதியில், தாயின் வயிற்றில் மலம் மிகுந்தால் பிள்ளை மந்தன், நீர் மிகுந்தால் ஊமை, இரண்டும் ஒத்தால் குருடு என்றும் இருக்கிறது. நமக்கு உவப்பானதை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு இதை மறைப்பது நேர்மையன்று. பழைய நூலில் இருப்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. தஞ்சையும் அப்படி நினைத்து நின்றுவிட்ட ஊரல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவத்தையும் ஆங்கில மருத்துவத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்தவர். அங்குத் திரண்ட அனுபவம் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று தமிழ்ச் செய்யுளாயிற்று.

இனிப் பப்பாளி. கருக்கலைப்புக்கு அஞ்சி இதைத் தொடாத வீடுகளே மிகுதி. ஆனால் பப்பாளி அமெரிக்கக் கண்டத்து மரம். போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகே இந்தியா வந்தது. ஆக, சோழர் காலத்துப் பாட்டி எவளும் இதைத் தடுத்திருக்க வழியில்லை! அதற்காக நம்பிக்கை முழுப்பொய்யும் அன்று. 2002இல் வெளியான எலிகள் மீதான ஆய்வொன்றில், நன்கு பழுத்த பழம் தீங்கு செய்யவில்லை; காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்தது. காயைத் தவிர்க்கலாம். பழுத்ததை எண்ணி நடுங்க வேண்டியதில்லை.

கிரகணத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். 2019 டிசம்பர் 26இல் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தபோதும் இங்கே கர்ப்பிணிகள் இருட்டறையில் இருந்தார்கள். உதடு பிளந்த குழந்தை பிறக்கும் என்பது அச்சம். உதடு உருவாகிமுடிவது கருவின் ஏழாவது வாரத்துக்குள். தாம் கருவுற்றிருப்பதே பலருக்கு அப்போது தெரியாது. ஏழாம் மாதத்துப் பெண்ணைப் பட்டினி போட்டு எதைக் காக்கிறோம்?

பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூருக்கு வருவோம். நித்துருவர் மனைவி வேதிகை, கருச்சுமையின் களைப்பால் ஊர்த்துவபாத முனிவருக்கு எழுந்து பிச்சையிட இயலாமல் போக, அவர் சபித்தார். கலைந்த கருவை அம்பிகை குடத்தில் வைத்துக் காத்தாள் என்பது தலபுராணம். கர்ப்பிணியின் சோர்வைக் குற்றமென்று கருதியவர் முனிவர். அம்பிகை அப்படிக் கருதவில்லை. தலபுராணங்களில் இதைவிடக் கனிவான கதையை நாம் அறியோம். அங்குச் சுகப்பிரசவத்துக்கெனத் தரும் விளக்கெண்ணெய் வயிற்றில் தடவுவதற்கு. மனத்துக்கு ஆறுதல், தீங்கில்லை. ஆனால் வலி வரவேண்டுமென்று விளக்கெண்ணெயைக் குடிக்கும் வழக்கம் வேறு. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலை மட்டுமன்றிக் கருப்பையையும் சுருங்கத் தூண்டுவதை 2012இல் சுண்டெலிகளில் கண்டறிந்தார்கள். மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்யலாகாது.

நம் காலத்தில் மிகுந்த கேடு செய்வது நிறம் பற்றிய ஆசைதான் என்பது எம் எண்ணம். குங்குமப்பூ பாலில் கலந்து குடித்தால் பிள்ளை சிவப்பாகும் என்று, பொன் விலை கொடுத்து வாங்குகிறார்கள். தோலின் நிறம் பெற்றோர் வழிவருவது. பூ அதை மாற்றாது. இதில் காசு மட்டும் போனால் வருந்த மாட்டோம். இதே ஆசை, அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குடித்தால் பிள்ளை கறுத்துவிடும் என்று அஞ்சி, அதைக் குப்பையில் போடவும் வைக்கிறது.

இரும்பைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வருவது புறநானூற்றின் 20ஆம் பாட்டு. குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டைப் புகழ்கிறார்: அந்த மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, வயாவுற்ற மகளிர் விரும்பி உண்டாலன்றி. வேட்கை மிகுதியை உணர்த்தும் ‘வயா’ என்ற சொல்லைத் தொல்காப்பியம் உரியியலில் காட்டுகிறது. இன்று நாம் மசக்கை என்கிறோம். கர்ப்பிணி மண் தின்பதைப் புலவர் வியப்பின்றி, நாடறிந்த செய்தியாகவே சொல்லிப் போகிறார். அடுப்பு மண்ணும் சாம்பலும் தேடிய பெண்களை நம் தலைமுறையும் கண்டதுண்டு. ‘பிள்ளை கேட்கிறது, தின்னட்டும்’ என்றார்கள். பிள்ளை கேட்பது மண்ணையன்று. இந்த வேட்கை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதை மருத்துவம் பலமுறை கண்டிருக்கிறது. மண்ணோ அதைத் தீர்க்காது. குடற்புழுவின் முட்டைகளையும் கூட்டிவரும்.

2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்குமேல், அதாவது 52 விழுக்காட்டினர், சோகை உடையவர்கள். நாற்று நடும் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் குருதி பெருகினால், ஏற்கெனவே குறைந்த இரத்தம் எவ்வளவு தாங்கும்? 60 மில்லிகிராம் இரும்பு கொண்ட மாத்திரையை நாளுக்கொன்றாக 180 நாள் தருகிறார்கள். அதனால் மலம் கறுக்கும், குழந்தை கறுக்காது. இன்னொன்று: காப்பியும் தேநீரும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுப்பவை. கும்பகோணம் டிகிரி காப்பியை விடமுடியாத வீட்டில், மாத்திரைக்கும் டபராவுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.