கோப்பி வீழ்ந்த காலத்திலே

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியிலிருந்து கோப்பி இலைகள் சில பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்தது. பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெய்ற்ஸ் என்பார் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது முன்னர் அறியப்படாத ஒரு பூஞ்சணம் என்று கண்ட அறிஞர்கள் அதற்குப் பெயரும் சூட்டினர்.

தோட்டத்துரைமாரோ அதனைப் பெரிதாக எண்ணினாரில்லை. விளைச்சல் குறைந்தபோதிலும் உலகச் சந்தையிலே கோப்பியின் விலை ஏறிற்று. குறைந்த காய்க்குக் கூடிய பணம் கிடைத்தது. அந்த மயக்கத்திலே கடன்பட்டு மேலும் காடு வெட்டினர். 1870களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலத்தில் கோப்பி நின்றது. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர், காற்றினாற் பரவும் நுண்வித்துக்களே நோயின் மூலம் என்று விளக்கினார். ஆயினும் நோயைத் தீர்க்க மருந்து கூற அவராலும் இயலவில்லை.

1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. நாட்டில் வழங்கிய நோட்டுகளிற் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டவையே. காலையிற் பணமாயிருந்தது மாலையில் வெறுங்காகிதமாகிவிடுமோ என்று மக்கள் கலங்கினர். அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அறிவித்தமையாற் பெரும் குழப்பம் தவிர்ந்தது. அடுத்த ஆண்டிலே அரசாங்கம் தன் சொந்த நோட்டுகளை வெளியிடத் தொடங்கியது.

தோட்டம் அழிந்தால் துரை கப்பலேறிப் போகலாம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்கோ, வேலையோடு மாதக்கணக்கில் நின்றுபோன கூலியும் கைவிட்டுப் போயிற்று. கூலிப்பாக்கியைத் தோட்டத்தின்மீது முதற்கடனாக்கும் சட்டம் 1884இலேதான் வந்தது. உழைத்தவனுக்குக் கொடுக்கவேண்டியதை முதலிற் கொடு என்று சொல்வதற்கும் ஒரு பேரழிவு வேண்டியிருந்தது போலும்!

இக்காலம் முழுவதும் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஒருவர் தம் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கொத்லாந்தில் 1835இற் பிறந்து, 1852இல், பதினேழு வயதும் நிரம்பாமல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெயிலர் அவர். கோப்பி செழித்திருந்தபோதே, 1867இல், 19 ஏக்கரிலே தேயிலையை நட்டவர். அவருடைய முதற் தொழிற்சாலை அவர் குடியிருந்த வீட்டு விறாந்தைதான். அங்கே மேசைகளின்மீது கொழுந்தைக் கையால் உருட்டினர். களிமண் அடுப்பிற் கரிநெருப்பின் மேல் வாட்டினர். ஒவ்வொரு தடவையும் பதம் பார்த்து, பிழை கண்ட இடத்தே திரும்பச் செய்தனர். 1872இல் உருட்டும் பொறியொன்றை அவர் அமைத்தார். 1873இல் லண்டனுக்கு அனுப்பிய தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் அவர் எடுத்த ஒரேயொரு விடுமுறை 1874இல் டார்ஜிலிங்குக்குப் போனது. அதுவும் தேயிலைத் தொழிலைப் பார்ப்பதற்காகவே!

கோப்பி வீழ்ந்தபோது பலர் சிங்கோனாவை நட்டனர். எல்லோரும் ஒருங்கே நட்டமையால் அதன் விலையும் வீழ்ந்தது. பின்னரே லூல்கந்துரையிற் பழகிய தொழிலை நாடினர். 1900ஆம் ஆண்டளவிற் தேயிலை 380,000 ஏக்கருக்கு மேற் பரவியிருந்தது.

இவ்விடத்தே ஒன்று கவனிக்கத்தக்கது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேதான் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி. எனவே குடும்பங்கள் மலையிலேயே தங்கின. தேயிலையின் தரம் பொறியிலே தொடங்குவதன்று. இரண்டிலையும் ஓர் அரும்பும் என்ற அளவிற் கிள்ளும் விரல்களிலே தொடங்குவது. முற்றிய இலை கூடைக்குள் விழுந்துவிட்டால், எந்தப் பொறியும் அதனை நல்ல தேயிலையாக்க மாட்டாது. மழையிலும் பனியிலும், அட்டைக்கடிக்கு நடுவிலும், குறைந்த கூலிக்கு அந்த அளவு தவறாமற் கிள்ளிய பெண்களைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. டெயிலரின் புகழைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவேண்டியதில்லை. அவருடைய தொழிலை அறிந்தவர்கள் அவர்களே.

டெயிலருக்கும் இறுதிக்காலம் இனிதாக இருக்கவில்லை. தோட்டத்தின் உடைமையாளர் அவரை விலகச் சொன்னார்கள். அவர் விலக மறுத்தார். 1892 மே 2ஆம் நாள், வயிற்றுளைவு நோயால், 57ஆம் வயதில், அதே தோட்டத்திற் காலமானார். பேருடல் கொண்ட அவரைத் தோட்டத் தொழிலாளர் 24 பேர், பன்னிருவர் பன்னிருவராய், நான்கு மைலுக்கொருமுறை தோள்மாற்றி, மலைப்பாதையாற் கண்டிவரை சுமந்து சென்றனர் என்பர். மகியாவை மயானத்தில் அவர் கல்லறை இருக்கின்றது. தேயிலைத் தொழிலின் முன்னோடி என்று அதிற் பொறித்திருக்கிறார்கள். சுமந்து சென்றவர்களின் பெயர்கள் அக்கல்லில் இல்லை.