சுபேதாரோடு நின்றுபோன ஏணி

அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், நேற்று வந்த வெள்ளைக்கார லெப்டினன்டுக்கும் கீழேதான் சுபேதார். அதிகாரி என்ற ஆணை இந்தியருக்குக் கிடையாது.

1818இல் கோரேகானில் போரிட்ட மஹர்களுக்கு, 1890களின் தொடக்கத்தில் சிப்பாய் வேலையும் மறுக்கப்பட்டது. 'போர்மரபு இனம்' அல்லவாம்! கோபால்பாபா வலங்கரும் சிவராம் ஜன்பா காம்ப்ளேயும் மனுக்கள் எழுதினார்கள். முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1917இல் மஹர் படைப்பிரிவு அமைத்தார்கள், 1921இல் கலைத்தார்கள். மஹர் ரெஜிமென்ட் வந்தது 1941இல்தான்.

இதற்கிடையே, 1918இல் இந்தியருக்கு அதிகாரிப் பயிற்சி திறந்தது. சாண்ட்ஹர்ஸ்டில் ஆண்டுக்கு 10 இடங்கள். குடும்பப் பெருமையைப் பார்த்தே ஆள் எடுத்தார்கள். 1932இல் உருவான விமானப்படையின் முதல் இந்திய விமானிகள் இங்கிலாந்தின் கிரான்வெல்லில் பயின்றவர்கள். படைமுகாம் வாசலிலேயே நிறுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை கிரான்வெல்லுக்கு எப்படிப் போவான்?

இன்று என்டிஏ, சிடிஎஸ், ஏஎஃப்கேட் தேர்வுகள் வழியாக யாரும் விமானப்படை அதிகாரியாகலாம். ஆனால் இடஒதுக்கீடு இல்லை. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு வரும் எஸ்எஸ்பி நேர்காணலில் பேச்சும் தன்னம்பிக்கையும் எடைபோடப்படுகின்றன. தலைமுறைகளாக இவற்றைச் சேர்த்துவைத்தவர்களோடு முதல் தலைமுறைப் பட்டதாரி மோத வேண்டும்.

விமானியாக பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். எனவே நம் சேரிப் பிள்ளைகளிடம் பட்டப்படிப்பு முடித்தபிறகு பேசிப் பயனில்லை. பத்தாம் வகுப்பிலேயே பேசுவோம், தோழர்களே.